வேன் மறைத்த மூலை

மரத்துக்குப் பின்னாலிருந்துதான் வந்தார். நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். விளக்கு பச்சை, வேகம் குறைவு, மூலையில் மரம், மரத்துக்குப் பின்னாலிருந்து சைக்கிள். இந்த வரிசையில் சொன்னால் குரல் நடுங்காது. நடுங்கினால்தான் என்ன, உண்மையைச் சொல்கிறவர்களும் நடுங்குவார்கள். அந்த மனிதர் எதிரே உட்கார்ந்திருப்பாரா? ஊன்றுகோலோடு வருவாரா? அவர் முகத்தைப் பார்க்காமல் மேனேஜரின் மேசையைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். மரத்துக்குப் பின்னாலிருந்துதான் வந்தார்.

பேருந்து நிறுத்தத்தை நெருங்கியது. மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவளின் வலது கால் தரையை அழுத்தியது. ஓட்டுபவர் பிரேக் பிடிப்பதற்கு ஒரு கணம் முன்பே அழுத்திவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண் தன் பையைச் சற்று நகர்த்திக்கொண்டாள். ஓட்டியே பழகியவளுக்குப் பேருந்தில் பயணியாக உட்கார்ந்து வரத் தெரியவில்லை. ஓட்டுகிறவர் கண்ணாடியில் அவளை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். அவள் வெளியே பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு அவள் ஓட்டிய பேருந்து ஒரு திருப்பத்தில் சைக்கிளில் மோதியது. சைக்கிளில் வந்தவர் பேக்கரி ஒன்றில் அடுப்படி வேலை செய்பவர். தொடை எலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அடுப்புக்கு முன்னால் நிற்பதற்கு இன்னும் பல மாதங்கள் ஆகும் என்றார்கள். "சிக்னல் கோட்டுக்கு முன்னாடியே நின்னுட்டிருந்தேன். அந்தம்மா பார்க்கவே இல்ல" என்று அவர் சொல்லியிருந்தார். அவர் சொல்வது சரி என்றால் அவள் இனி பேருந்து ஓட்ட முடியாது. மறைவிலிருந்து திடீரென்று வந்தார் என்றால் அவளுக்கு ஒன்றுமில்லை, அவருக்கு நிறுவனத்திடமிருந்து எதுவும் கிடைக்காது. நாளை காலை டிப்போவில் விசாரணை.

இன்று அவள் அந்தத் திருப்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளாகப் போகவில்லை. தொழிற்சங்கச் செயலாளர் காலையில் போன் செய்திருந்தார். கூட்டங்களில் ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் என்பதால் டிப்போவில் அவருக்கு மைக் என்று பெயர்.

"தங்கச்சி, அந்த மரத்தை ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடு. நாளைக்கு மேசை மேல வச்சிடுவோம். நீ ரெண்டு வார்த்தை பேசினா போதும், மீதியை மரம் பேசும்."

"நீங்களே எடுத்துடுங்களேன் அண்ணே."

"நான் எடுத்தா சங்கம் எடுத்ததுன்னு சொல்லிடுவாங்க. நீ எடு. பயப்படாத, மரம் கடிக்காது."

விபத்துக்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் அந்தத் திருப்பத்தை நூற்றுக்கணக்கான முறை கடந்திருந்தாள், வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தபடி.

அது வாலுவின் வேலை. வாலு அவளுடைய நாத்தனார். முப்பதைத் தாண்டியும் வீட்டில் யாரும் அவளை வேறு பெயரால் கூப்பிட்டதில்லை. அச்சகம் ஒன்றில் மருந்துப் புட்டிகளுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் லேபிள் வடிவமைப்பவள். விபத்துக்குப் பிறகு அண்ணி காரின் முன்னிருக்கையில் உட்காரக்கூட மறுத்ததைப் பார்த்துவிட்டு ஒரு கருவியைக் கொண்டுவந்தாள். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளும் அளவுள்ள குட்டிக் கணினி. நடுவில் திரை, இரு பக்கமும் பொத்தான்கள், கட்டைவிரலுக்கு ஒரு குமிழ். உள்ளே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம்.

"ஸ்டியரிங்கைப் பார்த்தா கை வேர்க்குதுன்னா, ஸ்டியரிங் இல்லாம ஓட்டுங்க அண்ணி. இதுல யாருக்கும் அடிபடாது."

அதில் ஓடியது ஒரு பழைய பேருந்து விளையாட்டு. விண்டோஸ் கணினிகளுக்காக எப்போதோ செய்தது, கடைகளில் இப்போது கிடைக்காது. ஆனால் அதன்மேல் பித்துப் பிடித்தவர்கள் இன்னும் இருந்தார்கள். விளையாட்டில் இல்லாத சாலைகளையும் பேருந்துகளையும் அவர்களே செய்து உள்ளே சேர்ப்பார்கள். அதற்கு மாட் என்று பெயர். வாலு தன் அண்ணியின் ரூட்டை ஒரு மாட்டாகச் செய்தாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் போய்ப் போட்டோ எடுத்தாள், வீட்டுக்கு வந்து கட்டடங்களை எழுப்பினாள், விளக்குக் கம்பங்களை நட்டாள்.

"மாட்டை வாங்கிட்டு வந்து கட்டிப் போட்டாச்சு. பால் எப்போ கறப்பீங்க?" என்று கேட்டான் வாலுவின் அண்ணன், அவளுடைய கணவன். லிஃப்ட் பழுது பார்ப்பவன். எதையும் ஒரு தடவை கழற்றிப் பார்க்காமல் நம்பாதவன். ஆனால் அந்தக் கருவியை மட்டும் அவன் கழற்றவில்லை. மனைவி அதைக் கையில் வைத்திருக்கும்போது மூச்சு சீராக விடுகிறாள் என்பதைக் கவனித்திருந்தான்.

முதலில் எதுவும் ஒழுங்காக ஓடவில்லை. பேருந்து ஊதா நிறத்தில் வந்தது. பயணிகள் சிலர் தலை இல்லாமல் ஏறினார்கள். சாலையோரம் பல இடங்களில் வெட்டவெளி.

"லினக்ஸ் ரொம்பக் கறார் அண்ணி" என்றாள் வாலு. "விண்டோஸ்ல ஃபோல்டர் பேரைப் பெரிய எழுத்துல வச்சாலும் சின்ன எழுத்துல வச்சாலும் ஒண்ணுதான். இது ரெண்டையும் வேற வேறன்னு நினைக்குது. நான் செஞ்ச சாமான்ல பாதி ஒரு ஃபோல்டர்ல கிடக்கு, பாதி இன்னொண்ணுல. இது ஒண்ணை மட்டும் எட்டிப் பார்த்துட்டு இன்னொண்ணைக் கண்டுக்கவே இல்ல."

"என் மாமியார் மாதிரி" என்றாள் அவள். விபத்துக்குப் பிறகு அவள் செய்த முதல் கேலி அது. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் அம்மாவைப் பற்றி என்பதைக்கூட அவர்கள் பொருட்படுத்தவில்லை.

வாலு ஃபோல்டர்களைச் சேர்த்தாள், பெயர்களை மாற்றினாள். கருவியின் விசிறி பெரிதாகச் சத்தம் போட்டதால் நிழல்களை அணைத்துவிட்டாள். "இல்லன்னா இது ஹேர் ட்ரையர் மாதிரி கத்துது. நிழல் இல்லாட்டி யாரும் செத்துப் போயிட மாட்டாங்க" என்றாள். அன்று மாலை முதல்முறையாக எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பெஞ்சுகள், பலகைகள், மரங்கள். அவள் ரூட்டின் தொடக்கத்திலிருந்து ஓட்டி வந்தாள். அந்தத் திருப்பத்தை நெருங்கினாள். குமிழைச் சாய்த்தாள். மூலையில் மரம் வந்தது. அப்போது அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

மரம். மரத்துக்குப் பின்னாலிருந்து முன்சக்கரம். பழுப்பு நிறச் சட்டை. அவள் கருவியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். விபத்தன்று மேனேஜர் கேட்டபோது, "தெரியல சார். இறங்குற கதவைக் காட்டுற கண்ணாடியைப் பார்த்தேன், அப்புறம் சத்தம்தான்" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்திருந்தது. இடையில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அந்தத் துண்டு திரும்பக் கிடைத்துவிட்டது. பார்க்காமல் மோதவில்லை, பார்க்க முடியாமல்தான் மோதினேன் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். அன்று நன்றாகத் தூங்கினாள்.

இப்போது அவள் இறங்கினாள். திருப்பத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிட்டாள். நடந்து போனால் மூலை மெதுவாக வரும்.

மெதுவாகத்தான் வந்தது. முதலில் செருப்புக் கடை, பிறகு மூடியிருந்த வங்கியின் கண்ணாடிக் கதவு, பிறகு விளக்குக் கம்பம். எல்லாம் வாலு வைத்த இடத்திலேயே இருந்தன. வாலுவின் கை சுத்தமான கை என்று நினைத்துக்கொண்டாள். போனை எடுத்துக் கேமராவைத் திறந்தாள். மூலையை நோக்கித் தூக்கினாள்.

திரையில் ஒரு இரும்பு மின்பெட்டி இருந்தது. இடுப்பு உயரம்கூட இல்லை. அதற்கு அப்பால் வெயில்.

போன் பழுதாகிவிட்டதுபோல் அதைக் கீழிறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். மின்பெட்டி. வெயில். நடைபாதைக் கற்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பதிந்திருந்தன. வெட்டிவிட்டார்கள் என்று உடனே தோன்றியது. ஒன்றரை மாதத்தில் ஒரு மரத்தை வெட்ட முடியாதா? வெட்டினால் அடிக்கட்டை இருக்கும். அதையும் பெயர்த்திருந்தால் புதுக் கற்கள் பதித்திருப்பார்கள். குனிந்து பார்த்தாள். எல்லாக் கற்களுக்கும் ஒரே வயது. இடுக்கில் ஒரே அழுக்கு.

மூலைக்குச் சற்றுத் தள்ளிப் பெரிய குடைக்குக் கீழே ஒரு பெண் செல்போன் உறைகள் விற்றுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க மரம் ஒண்ணு இருந்துச்சே. எப்ப வெட்டினாங்க?"

"மரமா?"

"இந்த மூலையில."

குடைக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மரம் இருந்திருந்தா நான் ஏன் இந்தக் குடையைத் தினம் தூக்கிச் சுமக்கிறேன்? கடை போட்ட நாள்லேர்ந்து இங்க வெயில்தான். எந்தத் தெருவைத் தேடுறீங்க?"

அவள் ஏதோ ஒரு உறையை எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். வங்கிப் படியில் போய் உட்கார்ந்தாள்.

கண்ணை மூடினால் மரம் இருந்தது. இப்போதும், அதன் உண்மையான இடத்தில் வெயிலைப் பார்த்த பிறகும், அது பிடிவாதமாக நின்றது. அதை உற்றுப் பார்த்தாள். இதுவரை அவள் அதை உற்றுப் பார்த்ததே இல்லை. அதற்குப் பின்னாலிருந்து வரும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தின் இலைகள் அசையவில்லை. ஒரு கொத்து இலையே திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. விபத்து நடந்தது உச்சி வெயிலில். அந்த வெயிலில் மரத்தின் கீழே தரை பளிச்சென்று இருந்தது.

மரத்துக்கு நிழல் இல்லை.

அவள் எழுந்து நின்றாள், மறுபடியும் உட்கார்ந்தாள். சரி, மரம் பொய். சக்கரம்? பழுப்புச் சட்டை? சட்டையின் நிறத்தை யார் சொன்னார்கள்? விபத்து அறிக்கையில் படித்ததா? மரத்தைப் பிடுங்கினால் அதற்குப் பின்னாலிருந்து வந்தவரை எங்கே நிறுத்துவது? கோட்டுக்கு முன்னாலா? அவர் சொன்ன இடத்திலா? அந்த இடத்தில் அவரை நிறுத்திப் பார்க்க முயன்றாள். உடனே நின்றார். பழுப்புச் சட்டையோடு, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மிகத் தெளிவாக. எங்கே வைத்தாலும் நிற்கிறார்.

அவள் நேராக வாலுவின் அச்சகத்துக்குப் போனாள். பின்கதவருகே வாலு மை படிந்த விரல்களோடு வெளியே வந்தாள்.

"அந்த மூலையில மரம் யார் வச்சது?"

"எந்த மூலை?"

"எந்த மூலைன்னு உனக்குத் தெரியும்."

வாலு யோசித்தாள். "நான்தான் வச்சேன். போட்டோ எடுக்கப் போனப்ப ஒரு வெள்ளை வேன் நின்னு அந்த மூலையை முழுசா மறைச்சிடுச்சு. எவ்வளவு நேரம் நின்னும் நகரல. அங்க என்ன இருக்குன்னு தெரியல. சும்மா விட்டா ஓட்டை மாதிரி தெரிஞ்சுது அண்ணி. விளையாட்டோடயே வர்ற மரம் ஒண்ணை எடுத்து வச்சேன். ஏன், அங்க மரம் இல்லையா?"

"இல்ல."

"நீங்கதானே மரத்தைப் பார்த்ததாச் சொன்னீங்க. நான் சரியாத்தான் வச்சிருக்கேன்னு நினைச்சேன்."

வாலுவின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. விரல் மையை உடையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"அய்யோ அண்ணி."

"உன்மேல தப்பில்ல."

"நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியும் வாலு. அழாத. உன் முதலாளி பார்க்கிறாரு."

மாலையில் மைக் வீட்டுக்கு வந்தார். சோபாவில் அவர் உட்கார்ந்தால் இன்னொருவருக்கு இடம் இருக்காது. கணவன் சுவரில் சாய்ந்து நின்றான். வாலு மூலையில் தரையில் உட்கார்ந்து, கருவியை மடியில் வைத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். அச்சகத்திலிருந்து வந்ததிலிருந்து அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

அண்ணிதான் நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள். மைக் தேநீரைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ஆக, மரம் இல்ல."

"இல்ல அண்ணே."

"நல்லவேளை, இன்னிக்கே பார்த்தே. நாளைக்கு அவங்க ஆள் கிளம்பிப்போய்ப் பார்த்திருந்தா என் மானமும் சேர்ந்து போயிருக்கும்." தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு முகம் தெளிந்தது. "சரி. வேன் இருந்துச்சுல்ல?"

"எந்த வேன்?"

"உன் நாத்தனார் பார்த்த வேன். எவ்வளவு நேரம் நின்னும் நகரலைன்னு சொல்லுது. அப்போ அது தினம் நிக்கிற வேன். அன்னிக்கும் நின்னிருக்கும். மரத்தை எடுத்துட்டு அந்த இடத்துல வேனை வை. மீதி எல்லாம் அப்படியேதான்."

"நான் வேனைப் பார்க்கல."

"மரத்தை மட்டும் பார்த்தியா?" அவர் குரல் அதட்டலாக இல்லை, கெஞ்சலாக இருந்தது. "இங்க பாரு தங்கச்சி. ஏதோ ஒண்ணு மறைச்சுது. இல்லன்னா உன்னை மாதிரி நிதானமா ஓட்டுறவ இடிப்பாளா? அது எதுன்னு உன் மூளை தேடிச்சு, மரம் கிடைச்சுது. ஆள் மாறிப் போச்சு, அவ்வளவுதான்."

அது எவ்வளவு இதமாக இருந்தது என்று அவளுக்கே அச்சமாக இருந்தது. வெள்ளை வேன். அதற்குள் அது வந்து நின்றுவிட்டது. பின்கதவில் ஒரு கீறல்கூட இருந்தது. அந்தக் கீறலை யாரும் சொல்லவில்லையே, அப்படியானால் அது உண்மையா? அல்லது வேறு எப்போதோ பார்த்த வேறொரு வேனின் கீறலா?

கணவன் வாயைத் திறந்தான். "பொய் இல்லையே. இருந்திருக்கலாம்தானே." அவன் அவளைப் பார்க்கவில்லை, சுவிட்ச் பலகையைப் பார்த்துச் சொன்னான். "நீ ஓட்டாம இருந்தா உனக்கு என்ன ஆகும்னு நான்தானே பார்க்கிறேன்."

அது அவளைத் தொட்டது. இந்த ஒன்றரை மாதத்தில் அவன் ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லை. கருவறை மாதிரி சூடான அந்த ஓட்டுநர் பெட்டி, அதிகாலையில் வண்டி கிளப்பும்போது முதுகில் ஏறும் அதிர்வு, கண்ணாடியில் தெரியும் அரைத்தூக்க முகங்கள். அதை இழந்தால் அவளிடம் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. டிப்போவில் வண்டி கழுவுமிடத்துக்கு அனுப்புவார்கள், அல்லது வீட்டுக்கு.

ஆனால் கதவுக் கண்ணாடி இருந்தது. அதை அவள் இப்போது தேடிப் பிடித்திருந்தாள், இத்தனை நாள் மரத்துக்கு அடியில் கிடந்ததை. இறங்கிய பெண்ணின் தோள்பை வார் கதவில் மாட்டிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வார் விடுபட்டது. பிறகு சத்தம், பலகை ஒன்று சாய்ந்ததுபோல். வாருக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. மூலை இல்லை, மனிதர் இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளுடையது. மற்றதெல்லாம் யாரோ அன்பாகக் கொண்டுவந்து வைத்தவை.

"அண்ணி."

வாலு எழுந்து வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். கண்கள் சிவந்திருந்தன. கருவியை இரண்டு கைகளாலும் நீட்டினாள். விசிறி இரைந்துகொண்டிருந்தது. திரையில் அவளுடைய பேருந்து, திருப்பத்துக்குச் சற்று முன்னால், எஞ்சின் ஓடியபடி காத்திருந்தது.

"மரத்தை எடுத்துட்டேன். அதே இடத்துல வேனை வச்சிருக்கேன், போட்டோல இருந்த மாதிரியே. நிழலையும் போட்டுட்டேன், கொஞ்சம் திக்கும், ஆனா ஓடும். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. வேன் இருந்துச்சா இல்லையான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்."

"அதான் சரி" என்றார் மைக். "ஒரு தடவை ஓட்டிப் பாரு தங்கச்சி. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தல."

கணவனும் திரும்பிப் பார்த்தான். திரையில் வேனின் கூரை விளிம்பு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கட்டைவிரல் தானாகவே குமிழைத் தேடி நகர்வதை அவள் உணர்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"வேணாம் வாலு."

"ஒரே தடவை அண்ணி."

"ஓட்டினா ஞாபகம் வந்துடும்" என்றாள். நாத்தனாரின் கைகளோடு சேர்த்துக் கருவியை மெதுவாக அவள் பக்கமே தள்ளினாள். "முதல் நாள் 'தெரியல சார்'னு சொன்னதையே நாளைக்கும் சொல்லிடுறேன்."